ஒரு தோட்டம், மூன்று காடு, மூன்று ரகம்: ஆனைமலை அடிவாரத்தில் இளம் ரப்பர் மரங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தை ஒட்டிய ஒரு தோட்டத்தில் 2018 முதல் 2025 வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். தோட்டத்துக்காரர் ஐம்பது வயதைக் கடந்தவர். இரண்டு தலைமுறையாகத் தென்னைதான் பண்ணையம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் கிணறு வறண்டு, போர்வெல்லும் காற்று வாங்க ஆரம்பித்ததும் தோப்பில் பாதிக்கு மேல் குருத்து சாய்ந்துவிட்டது. தப்பிப் பிழைத்த மரங்களில் வெள்ளை ஈ ஏறி, ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்து கிடந்தது. ஆறு ஏக்கரில் இருந்த மரங்களை வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பினார்.

மறுபடியும் தென்னையே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. கேரள எல்லையோரத் தோப்புகளில் வேர்வாடல் நோய் பரவிக்கொண்டிருந்தது. குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருந்த நண்பர் ஒருவரின் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, ரப்பர் போடலாமா என்று என்னிடம் கேட்டார். அப்போது ரப்பர் கிலோ 120, 130 ரூபாய்தான். கட்டுப்படியாகாமல் மரத்தை விட்டவர்கள் கேரளத்திலேயே நிறையப் பேர். ஆனால் இன்று நட்டால் பால் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்க, ஏழு வருடம் ஆகும், இன்றைய விலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் நியாயம் இருந்தது.

எனக்குக் கவலை வேறு. ரப்பர் அமேசான் காட்டு மரம். வருடம் முழுக்கப் பரவலாக 2000 மில்லிமீட்டர் மழை, ஈரக்காற்று, ஆழமான புளிப்பு மண், அதாவது கார அமில நிலை (pH) 4.5-லிருந்து 6-க்குள் இருக்கும் மண், இவையெல்லாம் அதற்கு வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இரண்டு பருவமழையும் கிடைப்பதால் அங்கே அது நன்றாக வருகிறது. பொள்ளாச்சிச் சமவெளியில் 1000 மில்லிமீட்டரைத் தொட்டாலே நல்ல வருடம். போதாததற்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேகாற்று (மேற்குக் காற்று) அடித்து வீசும். இருந்தாலும் அடிவாரத்தில் மழை கூடுதல், பாசனமும் உண்டு. முழுக்க முடியாது என்று சொல்லிவிடவும் முடியவில்லை.

நிலத்தின் நிலை

ஆறு ஏக்கரும் ஒரே வேலிக்குள் இருந்தாலும் நிலம் ஒன்றல்ல, மூன்று காடு. கொங்குப் பேச்சில் காடு என்றால் சாகுபடி நிலம். மலையோரக் காடு இரண்டரை ஏக்கர். தெற்கிலும் மேற்கிலும் மலை மறைப்பு, ஆழமான செம்மண், மாலை 4 மணிக்கெல்லாம் நிழல் விழுந்துவிடும். மேக்காடு இரண்டு ஏக்கர். சமதளம், தண்ணீர் வசதி நன்று, ஆனால் கணவாய்க் காற்றுக்கு நேராகத் திறந்து கிடக்கும். மீதி ஒன்றரை ஏக்கர் பள்ளக்காடு. மேலே பார்த்தால் நல்ல மண்போலத்தான் தெரியும்.

மண் பரிசோதனையில் கார அமில நிலை மலையோரக் காடு 6-ஐ ஒட்டியும், மேக்காடு 7-ஐத் தாண்டியும், பள்ளக்காடு 8-க்கு மேலும் வந்தன. பள்ளக்காட்டை விட்டுவிடலாம் என்றேன். “தென்னை நின்ன பூமிங்க, இது வராதுங்களா?” என்றார். தென்னை சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும், ரப்பர் தாங்காது என்று விளக்கினேன். கடைசியில் அங்கேயும் நடுவது, ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் தேறாவிட்டால் அதில் செலவு செய்வதில்லை என்று பேசி முடித்தோம்.

ரகத் தேர்வும் நடவும்

நாற்றுப்பண்ணைக்காரர் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரகம் ஒன்றையே எல்லா இடத்துக்கும் கொடுக்கத் தயாராக இருந்தார். 1980-ல் கோட்டயத்து இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது முதல் கேரளத்திலும் குமரியிலும் அதுதான் ராஜா. பால் அதிகம், உச்சியில் அடர்ந்த தலை. ஆனால் அது மழைநாட்டுக்குப் பேர் வாங்கிய ரகம். வறட்சியில் அதன் நடத்தை அவ்வளவு நன்றல்ல என்பது தெரிந்ததுதான். அதனால் இன்னும் இரண்டு ரகங்களைச் சேர்த்தோம். 105-ஐயும் இலங்கை ரகமான ஆர்.ஆர்.ஐ.சி. 100-ஐயும் கலந்து உருவான ஆர்.ஆர்.ஐ.ஐ. 430 ஒன்று. இளமையில் வேகமாகப் பருக்கும், வறட்சியையும் ஓரளவு தாங்கும். இன்னொன்று பழைய மலேசிய ரகமான ஆர்.ஆர்.ஐ.எம். 600. தாய்லாந்திலும் திரிபுராவிலும் பெருமளவில் நிற்பது அதுதான்.

மூன்று காட்டிலும் மூன்று ரகத்தையும் வரிசை வரிசையாக மாற்றி மாற்றி நட வேண்டும் என்று வற்புறுத்தினேன். ஒரு காட்டில் ஒரு ரகம் என்று போட்டால், பிற்பாடு நன்றாக வந்தது ரகத்தாலா மண்ணாலா என்று யாராலும் சொல்ல முடியாது. இடைவெளி 22-க்கு 11 அடி, ஏக்கருக்குச் சுமார் 180 கன்று.

நடவு மாதத்தையும் மாற்றினோம். கேரளத்தில் ஜூன் மழையோடு நடுவார்கள். இங்கே அதே மாதம்தான் காற்றும் தொடங்கும். ஆகவே ஆவணியில் கன்றுகளை இரவு லாரியில் கொண்டுவந்து, மீதமிருந்த தென்னை நிழலில் ஒரு மாதம் வைத்தோம். நாற்றுப்பண்ணையின் ஈர நிழலில் வளர்ந்த இலை நம் வெயிலுக்கு நேராக வந்தால் கருகிவிடும். நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உச்சி இலை அடுக்கு பச்சை முற்றிக் கெட்டியான கன்றுகளை மட்டும் ஐப்பசியில் இரண்டரை அடிக் குழிகளில் நட்டோம். இளந்தளிரோடு இருந்தவை இன்னும் இரண்டு வாரம் நிழலில் காத்திருந்தன.

முதல் வருடம்

2019 கோடைக்கு முன் ஒவ்வொரு கன்றுக்கும் தென்மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி மறைப்பு, அடியில் தென்னை மட்டை மூடாக்கு, சொட்டுநீர். கன்றுகள் எல்லாக் காட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளர்ந்தன. பள்ளக்காட்டில்கூடப் புது இலை அடுக்குகள் பளபளவென்று வந்தன. பக்கத்துத் தோட்டங்களில் இருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் அடுத்த வருடமே ரப்பர் போட முடிவுசெய்தார்கள். பொறுங்கள் என்றோம்.

இந்த முதல் வருடத் தோற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாலித்தீன் பையில் வந்தது குமரி மாவட்டத்துச் செம்மண். குழியை நிரப்பியது மேல்மண்ணும் தொழுஉரமும். முதல் பத்து, பன்னிரண்டு மாதம் வேர் அந்தக் குழிக்குள்ளேதான் வாழ்கிறது. தலையோ தட்டிக்குக் கீழே, காற்று படாத உயரத்தில் நிற்கிறது. அதாவது கன்று இன்னும் நம் நிலத்துக்கு வந்து சேரவில்லை. அந்த வளர்ச்சி நாற்றுப்பண்ணையின் நேர்த்தியைக் காட்டும், குழி எடுத்தவரின் அக்கறையைக் காட்டும். ரகத்தின் தாக்குப்பிடிப்பை அதில் பார்க்க முடியாது. “ஆறு மாதத்தில் இவ்வளவு உயரம்” என்று படம் போட்டு ரகத்தை விற்கிற பழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அதை நம்பி ஏழு வருடத்தை முதலீடு செய்பவர்கள் சிறு விவசாயிகள்.

இரண்டாம், மூன்றாம் வருடம்: வேறுபாடுகள் தெரிந்த காலம்

வேர் குழியைத் தாண்டியதும் தலை தட்டியைத் தாண்டியதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்தன. அப்போதுதான் மூன்று காடும் மூன்று விதமாகப் பிரிந்தன.

மலையோரக் காட்டில் 105-ம் 430-ம் போட்டி போட்டுக்கொண்டு பருத்தன. 600 சற்று மெலிந்த தண்டோடு நேராக உயர்ந்தது. அந்த ரகம் தாமதமாகத்தான் கிளை பிரிக்கும், இளமையில் ஒல்லியாகத்தான் நிற்கும். காற்று மறைப்பு இருந்ததால் அங்கே அதனால் தொல்லை இல்லை.

மேக்காட்டில் அதே 600, 2020 ஆடிக்காற்றில் வில்லாக வளைந்தது. கம்பு நட்டுக் கட்டியும் பல மரங்கள் கிழக்கே சாய்ந்தன. சில இடுப்பளவில் முறிந்தன. 105-க்கு வந்த பாதிப்பு வேறு. அந்த வருடம் ஏப்ரலில் ஊரடங்கால் ஆள் வராமல் தண்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது தள்ளிப்போனது. தென்மேற்குப் பக்கப் பட்டை வெயிலில் வெந்து, ஒரு சாண் நீளத்துக்குக் காய்ந்து வெடித்தது. இதே வெயில் பட்ட 430-ல் அந்தக் காயம் குறைவு. அது தாழ்வாகவே கிளை பிரித்துத் தன் தண்டுக்குத் தானே நிழல் கொடுத்திருந்தது.

இலையிலும் வித்தியாசம் தெரிந்தது. மதியம் 2 மணிக்கு 105-ன் இலைகள் சுருண்டு தொங்கும். தோட்டத்துக்காரர் தண்ணீர் பற்றவில்லை என்று சொட்டுநீரை இரட்டிப்பாக்கினார். மாற்றமில்லை. மூடாக்கை விலக்கிக் கையை மண்ணில் விட்டால் பிசுபிசுவென்று ஈரம். காற்று சூடாகவும் வறண்டும் இருக்கும்போது, வேரடியில் ஈரம் இருந்தாலும் ரப்பர் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். துளை மூடினால் மரம் உணவு தயாரிப்பதும் நின்றுபோகும். மண் வறட்சிக்குத் தண்ணீர் விடலாம். காற்று வறட்சிக்குக் காற்றைத்தான் தடுக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் வட கொங்கணத்தில், தாப்சரியில் நடந்த ஆய்வுகளில் பாசனம் மரத்தைச் சில வருடம் முன்னதாகவே வெட்டுக்குக் கொண்டுவந்தது உண்மைதான். அந்த முடிவை நம் கணவாய்க் காற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது.

பள்ளக்காட்டுக் கதை சுருக்கமானது, ஆனால் முக்கியமானது. 2020 மழைக்குப் பிறகு வந்த தளிர்கள் மூன்று ரகத்திலும் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். இரும்புச் சத்துப் பற்றாக்குறை என்பது பார்த்ததுமே தெரிந்தது. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) எலுமிச்சைச் சாறு சேர்த்து இலைவழியாகத் தெளித்தோம். தெளித்த இலைகள் பச்சை கட்டின, அடுத்த அடுக்கு மறுபடி மஞ்சளாக வந்தது.

2021 தையில் ஒரு 430 மரத்தின் பக்கத்தில் குழி வெட்டிப் பார்த்தோம். இரண்டரை அடி வரை மண் சிவப்பு. அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக் கட்டிகள். அதன்மேல் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைச் சொட்டவிட்டதும் பொங்கி நுரைத்தது. ஆணிவேர் அந்த அடுக்கைத் தொட்ட இடத்தில் செங்கோணத்தில் திரும்பிப் பக்கவாட்டில் ஒன்றரை அடி ஓடியிருந்தது. நுனி கறுத்திருந்தது. போதாததற்கு அந்தக் காட்டுக்குப் பாய்ந்தது போர்வெல் தண்ணீர். வாளியில் வைத்தால் ஓரத்தில் உப்புப் படியும். தோட்டத்துக்காரர் குழிக்குள் குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சரிங்க, இத விட்டுறலாம்” என்றார்.

ஒரே ரகம், வேறு வேறு மரம்

மேக்காட்டில் 430 வரிசையில் அடுத்தடுத்து நின்ற இரண்டு மரங்களில் ஒன்று கைப்பிடிக்கு அடங்காத பருமன், மற்றது அதில் பாதி. “ஏனுங்க, ஒரே ரகம், ஒரே நாள்ல நட்டது, ஒரே தண்ணி. இது மட்டும் ஏனுங்க இப்படி?” என்று பலமுறை கேட்டார்.

ஒட்டுக் கன்றில் ஒட்டுக்கு மேலே இருப்பதுதான் ரகம். கீழே இருக்கும் வேர், விதையிலிருந்து முளைத்த நாற்று. ஒவ்வொரு விதையும் ஒரு தனிப் பிறவி. மழைநாட்டில் எல்லா வேரும் ஓரளவு சமாளித்துவிடுவதால் இந்த வித்தியாசம் பெரிதாக வெளியே தெரியாது. நிலம் கடினமாக ஆக ஆக வேரின் பலமும் பலவீனமும் மரத்தின் பருமனில் வெளிப்பட்டுவிடுகிறது. நாற்றுப்பண்ணையில் ஒட்டுப் போடும் முன்பே வீரியமில்லாத நாற்றுகளைக் கழிப்பது நம் பகுதிக்கு இரண்டு மடங்கு அவசியம். கன்று வாங்கும்போது ரகத்தின் பெயரை மட்டும் கேட்கிறோம், வேர்நாற்று எப்படித் தேர்ந்தெடுத்தது என்று கேட்பவர் அரிது.

எடுத்த முடிவுகள்

2021-ல் மூன்று முடிவுகள். பள்ளக்காட்டு ரப்பரைப் பிடுங்கிவிட்டு முருங்கை வைத்தார். பேசியபடியே நின்றதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். போட்ட காசை மீட்க இன்னும் காசு போடுகிற ஆசையை அடக்குவது லேசல்ல.

இரண்டாவது, மேக்காட்டின் மேற்கு வரப்பில் இரண்டு வரிசை சவுக்கை முன்பின்னாக, இடைவெளி மறையும்படி நட்டோம். காற்றுத் தடுப்பு மரத்தின் உயரத்தைப் போலச் சுமார் பத்து மடங்கு தூரம்வரை பலன் தரும். ஆனால் சவுக்கு வளர்ந்து மறைக்க இரண்டு வருடம் வேண்டும். அதுவரைக்கும் இடைவெளிகளில் நேந்திரன் வாழை போட்டோம். வாழை நிழலும் கொடுத்தது, கேரளச் சந்தைக்குப் போய் சொட்டுநீர்ச் செலவையும் ஈடுகட்டியது.

மூன்றாவது, சுண்ணாம்பு அடிப்பு மாசி முடிவதற்குள் கட்டாயம் முடிய வேண்டும், தலைகள் ஒன்றோடொன்று கூடும்வரை வருடாவருடம் நடக்க வேண்டும்.

மூடுபயிராக முக்குனா பிராக்டியேட்டா கொடியை விடலாம் என்று குலசேகரத்து நண்பர் சொன்னார். மலையோரக் காட்டில் மட்டும் விட்டோம். மேக்காட்டில் வேண்டாம் என்று நான் தடுத்தேன். நல்ல கொடிதான், ஆனால் கன்றின் மேலேயே ஏறும், சொட்டுநீர்க் குழாயில் அடைப்பைத் தேடுவதும் பெரும்பாடு.

நல்ல இடத்துக்கும் நோய் உண்டு

2022 மழைக்காலத்தில் மலையோரக் காட்டின் 105 மரங்களில், கிளை பிரியும் கவட்டையில் பட்டை வெடித்துப் பால் கோடு கோடாக வழிந்தது. மேலே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூசணம். ஈரம் தங்கும் இடத்தில் 105-க்கு வழக்கமாக வரும் பிங்க் நோய்தான். பட்டையைச் சுரண்டி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசினோம். அடுத்த மழைக்கு முன்பே கவட்டைகளில் பூசிவைத்ததும் கட்டுக்குள் வந்தது. அதே 105 மேக்காட்டில் இந்த நோயைக் கண்டதே இல்லை. காட்டுப்பன்றித் தொல்லையும் மலையோரத்துக்குத்தான்.

2024 கோடை

கொங்கு நாடு முழுக்க வெந்த கோடை அது. ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டியது. மேக்காட்டுக்கு அதுதான் பெரிய சோதனை. சவுக்கு அதற்குள் ரப்பரைவிட உயர்ந்திருந்தது. தடுப்பை ஒட்டிய முதல் பத்துப் பதினைந்து வரிசைகளில் இலைச்சுருளல் வெகுவாகக் குறைந்தது. தள்ளிப் போகப் போகக் கூடியது. ரகங்களில் 430 மார்ச்சில் வந்த தளிரைக் கடைசிவரை தக்கவைத்தது. 105 பாதி இலையை உதிர்த்தது. எதிர்பாராதது 600. சாயாமல், முறியாமல் தப்பிய 600 மரங்கள் தழை கருகாமல் நின்றன. இளமையில் ஒல்லியாக நின்று நம்மைப் பயமுறுத்திய ரகம், தண்டு திரண்ட பிறகு வறட்சியை 105-ஐவிட நன்றாகவே தாங்கியது.

விளைவு

ஒட்டுப் பகுதிக்கு மேல் 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்தால் மரம் வெட்டுக்குத் தயார். தோட்டத்தில் நூற்றுக்கு எழுபது மரம் அந்த அளவைத் தொட்டால் வெட்டத் தொடங்கலாம் என்பது வழக்கம். 2025 புரட்டாசியில் மலையோரக் காடு அதைத் தாண்டியது. நட்டு ஏழு வருடம், குமரிக்குச் சமம். அங்கே 430-ம் 105-ம் முன்னால், 600 கொஞ்சம் பின்னால். மேக்காட்டில் 430-ன் நல்ல மரங்கள்தான் 50-ஐ நெருங்கியிருந்தன. அதற்கடுத்து எஞ்சிய 600, கடைசியில் 105. மலையோரத்தில் முதலிடத்தைப் பங்குபோட்ட ரகம், அரை ஃபர்லாங் தள்ளிக் கடைசி இடத்தில் நிற்கிறது.

பால் வெட்டத் தெரிந்த ஆள் உள்ளூரில் இல்லை. குமரியிலிருந்து ஒரு பால்வெட்டுத் தொழிலாளியைக் குடும்பத்தோடு வரவழைத்து, சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டி வீடு கட்டிக்கொடுத்திருக்கிறார். மூன்று நாளுக்கு ஒரு வெட்டு. விடிந்து காற்று காய ஆரம்பித்தால் பால் ஓட்டம் சீக்கிரமே நின்றுவிடுவதால் அதிகாலை 4 மணிக்கே வெட்டு தொடங்கிவிடுகிறது.

மறுபடி நட்டால் மாற்ற வேண்டியவை

சோதனைக் குழி நான்கு அடிக்குக் குறையாமல், ஏக்கருக்கு இரண்டு இடத்திலாவது கன்று வாங்கும் முன்பே வெட்டிப் பார்க்க வேண்டும். மேல்மண் பரிசோதனை எச்சரிக்கும், அதற்கு மேல் சொல்லாது. சுக்காங்கல் நான்கு அடிக்குள் இருந்தால் அங்கே எந்த ரகமும் வேண்டாம்.

காற்றுத் தடுப்பு ரப்பருக்கு இரண்டு வருடம் முன்பே நிற்க வேண்டும். மேக்காட்டில் முறிந்த 600-ல் பெரும்பகுதி இதனால் தப்பியிருக்கும். திறந்த காட்டில் 105-ஐ நான் இனி பரிந்துரைக்க மாட்டேன். அங்கே 430-ஐ முதன்மையாகவும், தடுப்புக்கு நெருக்கமான வரிசைகளில் மட்டும் 600-ஐயும் வைப்பேன். அடிவார மறைப்பில் 105 தாராளமாக இருக்கட்டும், பிங்க் நோய்ச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு.

ரகங்களைப் பற்றிய முடிவை மூன்றாவது கோடைக்கு முன் யாரும் எடுக்க வேண்டாம். முதல் வருட உயரத்தைக் குறித்துவைப்பதில் தவறில்லை, அதைக்கொண்டு ரகத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் ஆபத்து.

2019-ல் அவசரப்பட்ட அந்த இரண்டு பக்கத்துத் தோட்டத்துக்காரர்களில் ஒருவர் இப்போது மூன்று ஏக்கருக்குக் கேட்டு வந்தார். குழி வெட்டியதில் ஒன்றேகால் ஏக்கரில் மூன்றடிக்குள் சுக்காங்கல் தட்டியது. அதை விட்டுவிட்டு, மீதிக்கு மேற்கே சவுக்கு நட்டிருக்கிறார். கன்று 2027 ஐப்பசிக்கு.